சந்தன நிறத்தில் ஒரு கூந்தல் எண்ணெய்

உடம்புக்கு முடியவில்லை என்றால் ஊரே வைத்தியராகிவிடும் என்பார்கள். கலர் என்றால் ஊரே டிசைனர். பாலம் கட்டுகிற இன்ஜினியரிடம் போய், தூணை அரை அடி தள்ளி வையுங்கள் என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் ஒரு கடைப் பலகைக்கு நான் பச்சை வைத்தால், டீ குடிக்க ஒதுங்கியவர்கூட, "நீலம் வெச்சிருந்தா தூக்கியிருக்கும்" என்று சொல்லிவிட்டுத்தான் டம்ளரைக் கீழே வைப்பார். இத்தனை வருடமாகியும் இவர்கள் மேல் எனக்கு வருகிற எரிச்சல் குறையவில்லை. எதிர்த்துப் பேசுகிற தைரியம்தான் ஓர் ஆடிக் கிருத்திகையோடு போய்விட்டது.

அப்போது நான் சென்னையில் ஒரு விளம்பரக் கம்பெனியில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. மற்றவர்கள் செய்த டிசைனில் போன் நம்பரை மாற்றுவதுதான் என் வேலை. (ஒரு தீபாவளி விளம்பரத்துக்கு அகல் விளக்கு ஒன்றை நானே வரைந்தேன். கடைசி நேரத்தில் அதையும் எடுத்துவிட்டார்கள்.) ஆனால் எங்கள் வீட்டில் கேட்டால், அந்தக் கம்பெனியே என் தோளில்தான் நிற்கிறது என்பார்கள். அப்படிச் சொல்லி வைத்திருந்தது நான்தான்.

என் அக்கா ரேவதியைத் திருத்தணியில் கட்டிக்கொடுத்திருந்தோம். முழங்காலைத் தொடுகிற முடி அவளுக்கு. இரண்டாவது குழந்தை பிறந்ததும் டீச்சர் வேலையை விட்டுவிட்டு, கரிசலாங்கண்ணியும் கறிவேப்பிலையும் வெட்டிவேரும் போட்டு வீட்டிலேயே தலைக்கு எண்ணெய் காய்ச்ச ஆரம்பித்தாள். தெருப் பெண்கள் காலி பாட்டிலோடு வந்து வாங்கிப் போனார்கள். அவளுடைய மாமியார் மட்டும் அடுப்படியைக் கடக்கும்போதெல்லாம், டீச்சர் வேலையை விட்டவளுக்கு இது ஒரு பொழப்பா என்று காற்றிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

பஜாரில் பெரிய நாட்டு மருந்துக் கடை ஒன்று உண்டு. பாவா, அதாவது அக்காவின் கணவர், அந்தக் கடைக்காரரைப் போய்ப் பார்த்தார். ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் நீங்களே ஒரு கடை போட்டுப் பாருங்கள், ஜனங்கள் வாங்கினால் என் கடை அலமாரியில் ஒரு தட்டு உங்களுக்கு என்று அவர் சொல்லிவிட்டார். அக்காவுக்கு உலகத்தில் வேறு எதுவும் வேண்டாம், அந்த ஒரு தட்டு கிடைத்தால் போதும். மாமியாருக்குச் சொல்ல அவளிடம் வேறு பதில் இல்லை. பாட்டிலுக்கு லேபிள் வேண்டும் என்று எனக்குப் போன் செய்தாள். "நீ இருக்கச்சொல்ல நான் எதுக்குடி வெளியில போவணும்?" என்றாள். அந்த ஒரு வாக்கியத்தில் எனக்குத் தலை கனத்துவிட்டது.

நான் திருத்தணியில் வந்து இறங்கிய அன்றே யோசனைகள் குவிந்தன. கூந்தல் எண்ணெய் என்றால் பச்சைதான் என்றார் பாவா. ஆர்.கே.பேட்டைப் பக்கத்து நிலத்திலிருந்து வந்திருந்த நைனா, அதாவது எங்கள் அப்பா, தன் டிராக்டர் சிவப்பு, தூரத்திலிருந்தே தெரிகிறது, அதையே வை என்றார். அம்மாவுக்கு மங்களகரமாக மஞ்சள். அக்காவின் மாமியார் எதுவா இருந்தால் என்ன, உள்ளே அதே எண்ணெய்தானே என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் ஆபீஸில் ஒரு பெரியவர் அடிக்கடி சொல்வார்: நிறத்தை கம்ப்யூட்டரில் தேடாதே, பொருள் பிறந்த மண்ணிலிருந்து எடு. அதையே அவர்களுக்கு ஒரு சொற்பொழிவாக ஆற்றிவிட்டு, போனை எடுத்துக்கொண்டு மண்ணைத் தேடிக் கிளம்பினேன்.

படத்தைக் கொடுத்தால் அதில் உள்ள நிறங்களைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் காட்டும் ஆப் ஒன்று என் போனில் இருந்தது. அரக்கோணம் ஸ்டேஷனில் துருப்பிடித்த சரக்குப் பெட்டியைப் படம் எடுத்தேன். டவுன் பஸ்ஸில் பக்கத்து ஸீட்டுக்காரர் மடியில் இருந்த லுங்கிக் கட்டை, அவர் தூங்கும்போது எடுத்தேன். பெயின்ட் உரிந்த ஒரு சுவரை நான் சுற்றிச் சுற்றி எடுப்பதைப் பார்த்துவிட்டு, வீட்டு வரிக்காக வந்திருக்கிறேன் என்று நினைத்து அந்த வீட்டுக்காரர் கதவைச் சாத்திக்கொண்டார். பஸ் ஸ்டாண்டு பூக்காரம்மாள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, "பூ வாங்கப் போறியா, போட்டோவே புடிச்சிகினு இருப்பியா?" என்றாள். (வாங்கினேன். தேவைக்கு மேலேயே வாங்கினேன்.)

கடைசியில் ஆடிக்கு முந்தின மாதக் கிருத்திகை அன்று சாயங்காலம் மலைப்படியில் பாதி தூரம் ஏறி நின்று, கீழே சரவணப்பொய்கைப் பக்கம் போனைத் திருப்பி ஒரு படம் எடுத்தேன். ஆப் ஒரு கட்டத்தைக் காட்டியது. எனக்கு மூச்சே நின்றுவிட்டது. வெண்ணெயும் இல்லை, மஞ்சளும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் குளிர்ச்சியாக, லேசான ஈரத்தோடு ஒரு நிறம். மாலை வெயில் கருங்கல்லில் பட்டு உண்டான நிறம் அது என்று முடிவு செய்து, 'தணிகை அந்தி' என்று பெயரும் வைத்துவிட்டேன். படம் முழுக்க ஜனங்கள் நெருக்கியடித்து நின்றுகொண்டிருந்தார்கள். எனக்கு மட்டும் கல் தெரிந்தது. படித்த படிப்பு அப்படி.

அன்றைக்கே லேபிளை முடித்தேன். அடியிலிருந்து எழும்பும் ஓர் அரைவட்டம், தணிகை அந்தி நிறத்தில். அது மலை. மலைக்கு இரண்டு பக்கமும் சமமாக, பக்கத்துக்கு ஒரு கரிசலாங்கண்ணி இலை. பார்ப்பவர் கண் ஓரிடத்தில் நிற்க வேண்டும் என்பதற்காக, மலையின் நடுவில் சிவப்பாக ஒரு பொட்டு. அது அந்திச் சூரியன். வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்து லேப்டாப்பில் காட்டினேன்.

பாவா மட்டும், "இது இன்னாது?" என்று கேட்டார். மலை என்றேன். "ஆங்" என்றார். என்னை வம்புக்கு இழுக்காமல் ஒரு வேளை சோறு சாப்பிடாத மனிதர், ஆங் என்ற ஒரு சொல்லோடு எழுந்து போனார். நைனா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அக்கா என் முகத்தையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நல்லா இருக்கு என்றாள். என் திறமை எல்லோரையும் வாயடைக்க வைத்துவிட்டது என்று நான் நினைத்தேன்.

அரக்கோணத்தில் லேபிள் அச்சடித்தவர், கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்ததும் முகம் மலர்ந்து, "கொழந்தைக்கு மொட்டை போட்டுக் காது குத்தறீங்களா மேடம்? பேரு, தேதியெல்லாம் எங்க போடறது?" என்று கேட்டார். அவருடைய ரசனைக்காக நான் பரிதாபப்பட்டேன். கலரில் ஒரு புள்ளி மாறினாலும் வாங்க மாட்டேன் என்று மிரட்டிவிட்டு வந்தேன்.

இடத்தைத் தேர்ந்தெடுத்ததும் நான்தான். ஜனங்கள் எங்கே நிற்கிறார்களோ அங்கே பிராண்ட் நிற்க வேண்டும் என்று பாவாவைப் பிடித்து, ஆடிக் கிருத்திகை அன்று கூட்டம் அதிகமாக வெளியே வருகிற வழியில் கடை போடவைத்தேன். அது முடி காணிக்கை கொடுத்துவிட்டு, குளித்து, சந்தனம் பூசிக்கொண்டு வருகிறவர்களின் வழி. கூந்தல் எண்ணெய் விற்க, தலையில் ஒரு முடிகூட இல்லாத ஆயிரக்கணக்கானவர்களைத் தேடிப் பிடித்துக் கடை போட்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

பாட்டில்களைப் படிப்படியாக அடுக்கினோம். மஞ்சள் வேட்டியும் புடவையுமாகத் தெரு நிறைந்து போய்க்கொண்டிருந்தது. பூக் காவடிகள் எங்கள் பந்தலை உரசிக்கொண்டு போயின. அக்கா ஜடையை முன்னால் எடுத்துப் போட்டு, விளம்பரமே தான்தான் என்பதுபோல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். ஜனங்கள் நின்று பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்கள், சிரித்தார்கள், போய்விட்டார்கள். நேரம் ஆக ஆக அக்காவின் முதுகு கொஞ்சம் கொஞ்சமாக வளைய ஆரம்பித்தது.

கடைசியில் மணவூரிலிருந்து வந்த ஒரு குடும்பம் நின்றது. பெரிய உருவமான அப்பா, அம்மா, பத்து வயதில் ஒரு பெண். மூன்று பேருக்கும் புது மொட்டை. அவர் ஒரு பாட்டிலைக் கையில் எடுத்து, "மொட்டைக்குத் தடவுறதாம்மா இது?" என்று மரியாதையாகத்தான் கேட்டார்.

கூந்தல் எண்ணெய் என்றாள் அக்கா. அவர் லேபிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப மொட்டையை எதுக்குப் போட்டு வெச்சிக்கீறீங்க?"

நான் எழுந்து முன்னால் வந்தேன். உட்கார்ந்தே இருந்திருக்கலாம். அது மொட்டை இல்லைங்க, மலை என்றேன். இந்த மண்ணின் நிறத்தைத் தேடி எடுத்திருக்கிறோம், உங்களுக்குப் புரியும்படி சொன்னால் இது மாலை வெயில் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"மலைக்கு எதுக்கும்மா காது?"

"அது கரிசலாங்கண்ணி இலைங்க."

அவர் தன் தலையில் விரலை வைத்து, ஈரம் காயாத சந்தனத்தைக் கொஞ்சம் வழித்து, என் மலையின் மேல் தடவினார். தடவிய இடம் தெரியவில்லை. லேபிள் எது, சந்தனம் எது என்று கண்டுபிடிக்க முடியாதபடி அப்படியே ஒட்டிக்கொண்டது. சுற்றி நின்றவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் தலையிலிருந்து எடுத்துத் தடவிப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஒருவர் பாட்டிலைத் தன் தலைக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு செல்ஃபி எடுத்தார். அப்போதுதான் எனக்குப் பொய்கைப் படம் ஞாபகம் வந்தது. வெயிலாவது, கல்லாவது. நான் தேடி எடுத்தது அந்தக் கூட்டத்தின் தலைகளை.

பாவா பக்கம் திரும்பி, முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்று கத்தினேன். அவர் ரொம்ப சாதாரணமாக, "பாத்தவுடனே தெரிஞ்சிடுச்சி. உங்கக்காதான் வாயத் தொறக்காத, படிச்ச பொண்ணு, ஏதோ நெனச்சித்தான் செஞ்சிருக்கும்னு சொன்னா" என்றார். திருத்தணி என்றால் மொட்டைதானே, அதனால் வேண்டுமென்றே வைத்திருக்கிறேன் என்று அக்கா நினைத்தாளாம். நைனாவுக்கும் தெரிந்திருக்கிறது. அம்மாவுக்கும். மாமியாருக்கும். கொத்தமல்லி வாங்கினால்கூட ஆளுக்கு ஒரு அபிப்பிராயம் சொல்கிற குடும்பம், பிறந்ததிலிருந்து ஒரே ஒரு முறை என் படிப்பை மதித்து வாயை மூடிக்கொண்டிருக்கிறது. அந்த ஒரு முறை பார்த்துத்தானா மதிக்க வேண்டும்?

அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. அவள் கண் மட்டும் கலங்கியிருந்தது. அலமாரித் தட்டு போயிற்று, இனி அடுப்படியில் மாமியார் காற்றிடம் பேச மாட்டார், நேராகவே பேசுவார் என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

விலை எழுத பாவா கொண்டுவந்திருந்த கறுப்பு மார்க்கர் பேனா மேஜையில் கிடந்தது. அக்கா அதை எடுத்தாள். மூடியைப் பல்லால் கடித்துத் திறந்து, ஒரு பாட்டிலை இழுத்து, அந்த மொட்டையின் மேல் கறகறவென்று முடி வரைந்தாள். கோபத்தில்தான் ஆரம்பித்தாள் என்று நினைக்கிறேன். ஆனால் பாதியில் கை நிதானமாகிவிட்டது. வகிடு எடுத்து, ஜடை பின்னி, அதை பாட்டிலைச் சுற்றிப் பின்பக்கம் வரைக்கும் இழுத்துப்போய், நுனியில் ஒரு குஞ்சமும் வைத்தாள்.

மணவூர்க்காரரின் மனைவி அதுவரை சிரிக்காமல் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையால் தன் வெறும் தலையைத் தடவிக்கொண்டே, "எனக்கு அதே மாதிரி ஒண்ணு குடு. வளந்துடும் இல்ல?" என்றார். அவருடைய பெண் ரெட்டை ஜடை போட்டால்தான் ஆயிற்று என்று நின்றது. அக்கா போட்டுக் கொடுத்தாள். பின்னால் இருந்த பாட்டி கொண்டை கேட்டார். ஒரு இளைஞன் மீசையும் சேர்த்துக் கேட்டான். முடியைக் கொடுத்துவிட்டு வந்தவர்கள் வரிசையில் நின்று, திரும்ப எப்படி வளர வேண்டும் என்று அக்காவிடம் சொல்லி வாங்கிப் போனார்கள். நானும் வரைகிறேன் என்று என் பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்தேன். அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நீ தொடாத" என்றாள்.

மை காய்வதற்கு ஊதுகிற வேலையை எனக்குக் கொடுத்தார்கள். சாயங்காலம் வரை ஊதினேன். கடையைப் பார்க்க வந்த நாட்டு மருந்துக் கடைக்காரர் ஒரு பாட்டிலை எடுத்து உருட்டி உருட்டிப் பார்த்தார். கலர், மலை, அந்திச் சூரியன் எதைப் பற்றியும் கேட்கவில்லை. தட்டு தருகிறேன், ஆனால் ஒவ்வொரு பாட்டிலிலும் கையால் முடி வரைந்திருக்க வேண்டும் என்றார்.

இன்றைக்கும் அப்படித்தான் போகிறது. அந்த எண்ணெய்க்கு நாங்கள் அழகான தமிழ்ப் பெயர் ஒன்று வைத்திருந்தோம். பஜாரில் போய் மொட்டை எண்ணெய் என்று கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். ஜடை போடுவது அக்கா. கொண்டை போடுவதில் மாமியார்தான் கெட்டி. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பேனாவோடு உட்கார்ந்துவிடுவார், தன்னைப்போல யாருக்கும் வராது என்று வேறு சொல்லிக்கொள்வார். நான் இப்போது சொந்தமாக டிசைன் கம்பெனி நடத்துகிறேன். என் வேலைகளிலேயே அதிகம் விற்றது இதுதான். அதிலும் என் பங்கு தலை மட்டும்.

போன மாதம் என் வீட்டுக்கு பெயின்ட் அடிக்க ரொம்ப யோசித்து ஒரு நிறம் தேர்ந்தெடுத்தேன். சுவரில் ஒரு பட்டை அடித்துப் பார்த்து, குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் படம் போட்டேன். நன்றாக இருக்கிறது என்றோ இல்லை என்றோ யாரும் சொல்லவில்லை. கடைசியில் அக்காவின் மாமியாரிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது.

"கலரு நல்லாக்கீதும்மா. யார் தலை?"