எண்ணெயின் பசி அறிந்த கிராம் அக்கா

தருமபுரி மாவட்டத்திலேயே ‘கொஞ்சம்’ என்ற சொல்லைக் கேட்டால் கோபப்படும் ஒரே மனுஷி எங்கள் தெரு கிராம் அக்காதான். “கொஞ்சம்னா எவ்வளவு?” என்பார். “கொஞ்சம் உட்காருங்கக்கா” என்றாலும் அதே கேள்விதான்.

வேதியியலில் எம்.எஸ்ஸி. படித்துவிட்டு, ரயில்வேக்காரருக்கு வாழ்க்கைப்பட்டு எங்கள் தெருவுக்கு வந்தவர். அவர் கைப்பையில் சீப்பு, ஜெபமாலை இவற்றோடு ஒரு குட்டி எலக்ட்ரானிக் தராசும் இருக்கும். பட்டப்பெயர் வந்தது அதனால்தான். மல்லிகை வாங்கும்போது பூக்காரியிடம், “முழம்னா யார் முழம்?” என்று கேட்டார்.

“என் முழந்தாங்க்கா.”

“உன் கை குட்டை. நாளைக்கு உன் மவ வந்து உட்காந்தா இன்னும் குட்டை. எடை போட்டுக் குடு.”

“அப்ப உங்க கையைக் கழட்டிக் குடுத்துட்டுப் போங்க. நான் வெச்சு அளந்துக்கறேன்.”

தெருவே சிரித்தது. அக்கா மட்டும் சற்று யோசித்து, “அது ஒரு வழிதான்” என்றார்.

ஒரு ஞானஸ்நான விருந்தில் பிரியாணி மாஸ்டரையும் விடவில்லை. உப்பு கையளவு போட்டதாக அவர் சொல்ல, “எந்தக் கை?” என்றாராம். மாஸ்டர் அன்று முழுக்க இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் அன்பியத்துப் பெண்கள், அதாவது மாதா கோயிலின் தெருக்குழுப் பெண்கள், கோயில் திருவிழாவில் ஒரு கடை போட நினைத்தபோது, சோப்பு செய்யலாம் என்று சொன்னவர் அக்காதான். தேங்காயெண்ணெயும் காஸ்டிக் சோடாவும் சேர்ந்தால் சோப்பு. அதை அவர் சொல்லிக்கொடுத்த அழகைக் கேட்டிருக்க வேண்டும்.

“காஸ்டிக்கைப் பந்தியில வெச்ச சோறுன்னு நெனச்சுக்கங்க. ஒவ்வொரு எண்ணெய்க்கும் ஒவ்வொரு பசி. தேங்காயெண்ணெய் சரியான சாப்பாட்டு ராமன், நெறைய திங்கும். கடலை எண்ணெய் ரெண்டு இட்லியோட கையைக் கழுவிடும். எண்ணெய் தின்னது போவ மிச்சம் இருக்குற காஸ்டிக் எங்கயும் போவாது. சோப்புக்குள்ளயே உக்காந்திருக்கும். அப்புறம் நம்ம தோலைத் திங்கும். அதுக்குத்தான் சமன்பாடு.”

“அப்ப எங்க வூட்டுக்காரரு தேங்காயெண்ணெய்ங்க்கா” என்றார் எங்கள் செயலாளர் லூர்து அக்கா. விழுந்து விழுந்து சிரித்தோம். அந்த வருடம் எங்கள் சோப்பு ஒன்றுகூட மிஞ்சவில்லை.

அடுத்த திருவிழாவுக்குள் தேங்காயெண்ணெய் விலை எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. சோப்பு ஊற்றும் நேரத்தில் அக்கா ஒரு கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தார். லூர்து அக்கா ஒரு வழி கண்டுபிடித்தார். முக்கால் பங்கு கடலை எண்ணெய், கால் பங்கு தேங்காயெண்ணெய். மொத்த எடை போன வருடம் போலவே. காஸ்டிக்கும் போன வருடம் போட்ட அதே அளவு.

“கிராம் அக்கா வந்து பாக்கட்டும். ஒரு கிராம் கூட இல்ல, கொறைய இல்ல” என்று தராசைத் தட்டிக் காட்டினார்.

எடை சரி. எண்ணெய்தான் வேறு. ரெண்டு இட்லி தின்கிறவனுக்குச் சாப்பாட்டு ராமனின் இலையைப் போட்டுவிட்டோம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. காய வைத்த சோப்பின் மேல் வெள்ளையாகப் பூத்தது. அதையும் அழகு என்றோம்.

என் மகள் ஜான்சி டியூஷனிலிருந்து வந்து அந்தச் சோப்பில்தான் முகம் கழுவினாள். நுரை வலது கண்ணுக்குள் போனது. அவள் அலறியது இதை எழுதும்போதும் காதில் விழுகிறது.

காலையில்தான் ஊரிலிருந்து திரும்பியிருந்த கிராம் அக்கா செருப்பில்லாமல் ஓடி வந்தார். அவருக்கு முன்பே லூர்து அக்கா பாதி எலுமிச்சம்பழத்தோடு வந்து நின்றார்.

“காரத்துக்கு அமிலந்தானே மாத்து! ஸ்கூல்லயே படிச்சோமே!”

கிராம் அக்கா அந்தப் பழத்தைத் தட்டிவிட்டார். “உள்ள எவ்வளவு காஸ்டிக் போயிருக்குதுன்னு தெரியுமா உனக்கு? தெரியாம எவ்வளவு புழிவ? அது கண்ணுடி, கண்ணாடிக் குடுவையில்ல! தண்ணி கொண்டாங்க!”

ஜான்சியைத் தன் மடியில் சாய்த்து, இமையை விரித்துப் பிடித்து, தண்ணீர் ஊற்றினார். எங்கள் வீட்டுக் குடம் தீர்ந்தது. பக்கத்து வீட்டு டிரம் தீர்ந்தது. “இன்னும், இன்னும்” என்றார். ஆட்டோவில் ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை அவர் கை நிற்கவில்லை.

உடனே கழுவியதால்தான் கண் மிஞ்சியது என்றார் டாக்டர். ஆனால் கருவிழியில் வெள்ளையாக ஒரு மூட்டம் தங்கிவிட்டது. “போவப் போவ பார்வை கொஞ்சம் வரலாம்” என்றார். நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ‘கொஞ்சம்னா எவ்வளவு?’ என்று கேட்கவில்லை.

தெரு என்ன சொல்லும்? “அவங்க சொல்லிக்குடுத்த சோப்புதானே” என்றது. இல்லையென்று நான் வீடு வீடாகச் சொன்னேன். அக்கா ஒருநாள் என்னிடம் மட்டும், “சாப்பாட்டு ராமன் கதை சொல்லி எல்லாரையும் சிரிக்க வெச்சேன். பயப்பட வெக்கல ரோசி” என்றார்.

பிறகு அவர் கணவருக்குப் பொம்மிடிக்கு மாற்றலானது. தெருவில் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார்.

ஆனால் சேலம் கண் ஆஸ்பத்திரிக்கு நாங்கள் போகும் நாளெல்லாம், பொம்மிடியில் ரயிலேறி எங்களுக்கு முன்பே வந்து நிற்பார். உள்ளே வர மாட்டார். கதவோரமாக நின்றுவிட்டு, “என்ன சொன்னாங்க?” என்று மட்டும் கேட்பார். நான் இன்னும் ராத்திரியில் எழுந்து மகளின் இமையைப் பார்க்கிறவள். அவர் முகத்திலும் அதே தூக்கமின்மையைப் பார்த்தேன்.

சென்ற முறை டாக்டர் ஜான்சியின் நல்ல கண்ணை மூடி, சுவரில் எழுத்துகளைக் காட்டினார்.

“எது தெரியுது பாப்பா?”

“ஒண்ணும் தெரியல சார்.”

மேல் வரிசை? தெரியவில்லை. ஜான்சி முகத்தை மெல்லத் திருப்பினாள். திறந்திருந்த கதவின் பக்கம் அவள் பார்வை நின்றது.

“அங்க பச்சையா ஒண்ணு நிக்குது. பெரீம்மா, நீங்களா?”

பச்சைப் புடவை அசைந்தது. கிராம் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டார்.

அன்று அவரை நாங்கள் பொம்மிடி ரயிலில் ஏற்றவில்லை. தருமபுரி பஸ்ஸில் எனக்கும் ஜான்சிக்கும் நடுவில் உட்கார வைத்து, எங்கள் தெருவுக்கே கூட்டி வந்துவிட்டோம்.