செவ்வாய்க் கிரகத்துச் சூறையும் கமலாத்தாளின் டிரான்சிஸ்டரும்

கொழிஞ்சாம்பாறை,
25-8-1976

மகாராஜராஜஸ்ரீ மச்சான் ரத்தினசாமி அவர்கள் சமூகத்துக்கு அர்த்தநாரி எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் இரண்டு எருமைகளும் சுகம். உடும்பஞ்சோலையில் தாங்களும், தங்கள் ஏலத்தோட்டமும், கோபித்துக்கொண்டு அங்கே வந்திருக்கும் என் சம்சாரம் கமலாத்தாளும் சுகந்தானா என்று தெரிவிக்கவும்.

தங்கை சொன்னதை மட்டும் கேட்டு என்னைப் பைத்தியக்காரன் என்று முடிவுகட்ட வேண்டாம். செவ்வாய்க் கிரகத்தில் அமெரிக்காக்காரன் மூன்று கால் யந்திரம் ஒன்றை இறக்கினானல்லவா, அதன் படம் பேப்பரில் வந்தது. செம்மண்ணும் கல்லுமாக அசல் நம் மேட்டுக்காடு. ஐந்து வருஷத்துக்கு முன்னால் படமெடுக்கப் போன யந்திரத்துக்குக் கிரகம் முழுக்கப் புழுதிதான் தெரிந்ததாம். அந்தப் புழுதியில் ஒரு சூறை சுழன்று வந்தால் மூன்று கால் தாங்குமா என்று எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. சோதித்தே பார்த்துவிடுவோம் என்று முக்காலியைக் கொண்டுபோய்க் காய்ந்து கிடந்த மேட்டுக்காட்டின் நடுவில் போட்டு, பொங்கலுக்குத் தாங்கள் தங்கைக்குச் சீராகக் கொடுத்த டிரான்சிஸ்டரை அதன்மேல் பாடவிட்டு வைத்தேன். பாடிக்கொண்டிருந்தால்தானே யந்திரம் உயிரோடிருப்பது தெரியும்? ஆடிக் காற்று ஏமாற்றவில்லை. பனைமர உயரத்துக்கு ஒரு சூறை கிளம்பி நேரே முக்காலியைப் பார்த்து வந்தது. நான் கையைக் கட்டிக்கொண்டு விஞ்ஞானியாக நின்றேன். பக்கத்துக் கடலைக்காட்டில் களையெடுத்துக்கொண்டிருந்த மருதாத்தாள், "பேய்க்காத்து வருதுங்க, செருப்பை எடுத்து வீசுங்க!" என்று கத்தினாள். சூறையில் வரும் பேய் செருப்புக்குத்தான் அடங்கும் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. வரப்பில் கழற்றி வைத்திருந்த செருப்புகளையெல்லாம் பெண்கள் எடுத்து வீசினார்கள். பழக்கதோஷம், நானும் வீசிவிட்டேன். சூறை முக்காலியைத் தொடாமல் ஒதுங்கிப் போய்விட்டது. டிரான்சிஸ்டரைக் கீழே தள்ளி வாயடைத்தது என் செருப்பு.

கமலாத்தாள் வந்து பார்த்தாள். "ஏனுங்க, நீங்க அந்தச் செவ்வாயிலயே போயி ஒரு ஊடு கட்டிக்குங்க. நான் எங்கண்ணன் ஊட்டுக்குப் போறேனுங்க" என்று சொல்லிவிட்டுப் பொள்ளாச்சி பஸ் ஏறிவிட்டாள்.

மச்சான், நான் பெண் பார்க்க வந்த அன்று தங்கள் களத்தில் கிளம்பிய சூறை ஞாபகமிருக்கிறதா? என் தலையில் கட்டியிருந்த உருமால் பறந்து மாட்டுக்கொட்டகைக் கூரையில் போய் உட்கார்ந்தது. சகுனம் சரியில்லை என்று என் பெரியப்பா எழுந்துவிட்டார். கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. அந்தச் சிரிப்புக்காகத்தான் நான் எழுந்திருக்க மறுத்தேன். அன்றிலிருந்து எங்கே சூறையைக் கண்டாலும், "உருமாலப் புடிச்சுக்குங்க" என்பாள். முப்பத்தைந்து வருஷம் சொன்னாள். நேற்றும் ஒரு சூறை வந்தது; சொல்ல ஆளில்லை. அவளில்லாமல் எனக்கு முடியவில்லை.

இனிச் செவ்வாய்க் கிரகத்தைப் பற்றி மூச்சுவிடமாட்டேன். கிழமையைக்கூடத் திங்களுக்கு மறுநாள் என்றுதான் சொல்லிவருகிறேன். இதை அவளுக்குப் படித்துக்காட்டி, வெள்ளிக்கிழமை பஸ் ஏற்றிவிடவும். குழந்தைகளுக்கு என் ஆசீர்வாதம். ஏலம் நன்றாகக் காய்க்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
அர்த்தநாரி

பின்குறிப்பு: மேலே கொடுத்த வாக்கை அடித்துவிடவும். அடுத்த மாதம் இரண்டாவது யந்திரமும் அங்கே இறங்கப் போவதாக இன்றைய பேப்பரில் போட்டிருக்கிறான். படித்த வேகத்தில் பேப்பரோடு, "கமலா, கேட்டியா!" என்று அடுக்களைக்குள் ஓடிவிட்டேன். உள்ளே போன பிறகுதான் ஞாபகம் வந்தது. ஆகவே நான் திருந்திவிட்டதாக அவளிடம் சொல்ல வேண்டாம். பேப்பரை மடித்து வைத்துக்கொண்டு, படித்துக்காட்ட ஆளில்லாமல் உட்கார்ந்திருக்கிறேன் என்று மட்டும் சொல்லுங்கள்.