வீக்கத்துக்கு ஒன்று

மாத்திரை வள்ளல் என்றொரு இனம் உண்டு. மருத்துவம் படித்திருக்க மாட்டார். ஆனால் பக்கத்து இருக்கைக்காரர் இருமினால், மாடிப்படியில் யாராவது முழங்காலைப் பிடித்தால், அலுவலகத்தில் ஒருவர் நெற்றியைத் தேய்த்தால், அவர் கை தானாகச் சட்டைப் பைக்குள் போகும். அட்டையைக் கிழித்து, உள்ளங்கையில் வைத்து, ஒரே வசனம்: "வீக்கம்தான். சாப்பிட்டுட்டு ஒண்ணு போடுங்க, காலையில சரியாயிடும்."

சரியாகியும் விடும். அதுதானே ஆபத்து?

ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் ஒருத்தியின் அப்பா அந்த இனத்துக்கே தலைவர். மகள் ரத்தத்தில் சைட்டோகைன்களை அளக்கிறவள். காயம் பட்ட இடத்திலிருந்து, "ஓடி வாங்க, திருடன் புகுந்துட்டான்" என்று நோய் எதிர்ப்பு அணுக்களைக் கூப்பிடும் புரதங்கள் அவை. அப்பாவின் செல்லமான ஸ்டீராய்டு மாத்திரை அந்தக் கூச்சலை அடக்கும். திருடனை அல்ல. சொல்லிப் பார்த்தாள்.

"உன் படிப்பு சோதனைக் குழாய்க்குள்ள இருக்கும்மா. வலி என் கால்ல இருக்கு."

காலில் ஆணி குத்திய புண்ணுக்கும் அதையே விழுங்கினார். வீக்கம் வடிந்தது, காய்ச்சல் இறங்கியது, தெருவெல்லாம் நடந்து காட்டினார். உள்ளே கிருமி ஓடிக்கொண்டிருந்தது. போன மாதம் போய்ச் சேர்ந்தார்.

இப்போது அவர் நாற்காலியில் சித்தப்பா. ஒரு கன்னம் பந்து போல. மடியில் அப்பாவின் மாத்திரை டப்பா.

"அண்ணன் ஞாபகமா ஒண்ணு போட்டுக்கறேன்."

"கீழ வைங்க."

"வெறும் பல்லுதானே பாப்பா!"

"அவருக்கும் வெறும் காலுதானே சித்தப்பா?"

சித்தப்பா டப்பாவை மூடினார். அவள் அதைப் பிடுங்கித் தன் கைப்பையில் போட்டு, அவரை வாடகைக் காரில் ஏற்றினாள். பல் மருத்துவர் கீறியதும் சீழ் கொட்டியது. "நல்ல வேளை, மாத்திரை போட்டு அமுக்காம வந்தீங்க" என்றார்.

திரும்பும் வழியில், சிக்னலில் ஓட்டுநர் கழுத்தைப் பிடித்துக்கொண்டு முனகினார். அவள் கை தானாகக் கைப்பைக்குள் போனது.

"வீக்கம்தான் அண்ணே. சாப்பிட்டுட்டு ஒண்ணு..."

நாக்கைக் கடித்துக்கொண்டாள். பின் இருக்கையில் சித்தப்பா, வாயில் பஞ்சோடு, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்: "அச்சு அசல் எங்க அண்ணன்!"

அவளும் சிரித்தாள். பாதிவரைதான் முடிந்தது.

நீங்களும் சிரிக்கிறீர்களா? நல்லது. உங்கள் பையில் சரசரப்பது மட்டும் என்ன?