மலைக்கு ரோடு கேட்ட கால்

ரங்கூன் முழுக்கத் தேடினாலும், காரில் ஏறிக்கொள்ளச் சொன்னால் கோபித்துக்கொள்கிற ஒரே ஆள் எங்கள் 'கால்நடை'தான். நகருக்குள் அலோன் பகுதியில் இருந்த எங்கள் காப்பிக் கம்பெனி ஆபீஸில் பிளான் வரைபவர். தொலைவிலுள்ள புறநகர் இன்சீனிலிருந்து தினமும் நடந்தே வந்து, ரயிலில் வரும் எங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். பெயர் வைத்த புத்திசாலி நான்தான். அதற்கு மட்டும் அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "மாடும் நடக்குது, நானும் நடக்கிறேன்" என்று விட்டுவிட்டார்.

முதலாளிக்கு ஷான் மலையில் காப்பித் தோட்டம். அதற்கு மேலே உச்சிவரை காடு. விருந்தாளிகளை ஜீப்பில் உச்சிக்கே ஏற்றிப்போய் டீ கொடுக்க வேண்டுமென்று அவருக்கு ஆசை. கால்நடை தோட்டத்தை வரைந்தார், காட்டை வரைந்தார், ஊற்றைக்கூட வரைந்தார். ரோட்டை மட்டும் வரையவில்லை.

"அங்க வெட்டினா மழையில மண்ணு சரிஞ்சு ஊத்துல விழும். கீழ இருக்கிற கிராமம் அந்தத் தண்ணியத்தான் குடிக்குது. அதோட, ஜீப்பு போற வழியில மரம் ஏத்துற லாரியும் போகும்" என்றார்.

"வரையலைன்னா நாளையிலிருந்து வர வேண்டாம்" என்றார் முதலாளி. பிறகு கொஞ்சம் இறங்கி, கால்நடையோடு போய்ப் பார்த்து அறிக்கை கொடுக்கும்படி உதவி மேனேஜரான என்னை அனுப்பினார்.

புறப்படும் முன்பே நான் அறிக்கையை எழுதிவிட்டேன்: ரோடு மிக அவசியம். மாடிப்படிக்கே மூச்சு வாங்குகிறவன் வேறென்ன எழுதுவான்?

மலை ஏற நான் பளபளவென்று புது ஷூ வாங்கியிருந்தேன். அவர் ரப்பர் செருப்பு. ஒவ்வொரு வளைவிலும் எனக்காக நின்றார்.

"மூச்சு வாங்குதா?"

"இல்லண்ணே, இயற்கைய ரசிக்கிறேன்" என்றேன், தரையைப் பார்த்தபடி.

உச்சிக்குச் சற்றுக் கீழே பாறைச் சரிவு முழுக்க ஆர்க்கிட் பூத்திருந்தது. எங்கோ குரங்குகள் ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொண்டிருந்தன. எனக்குப் பேச்சு வரவில்லை. இந்த முறை காரணம் மூச்சு அல்ல. செல்பி எடுக்க இரண்டடி பின்னால் நகர்ந்தேன். ஷூ வழுக்கியது. கணுக்கால் பிசகிவிட்டது.

கால்நடை என்னை முதுகில் சுமந்து இறங்கினார்.

"அண்ணே, கனமா இருக்கேனா?"

"ஆமா."

உண்மை பேசுவது அவருடைய கெட்ட பழக்கம்.

ரங்கூன் திரும்பியதும் முதலாளி என் காலைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். "ரோடு இருந்திருந்தா ஜீப்பே வந்து உன்னத் தூக்கியிருக்கும். இத அப்படியே அறிக்கையில எழுது."

கால்நடை பக்கத்தில் நின்றிருந்தார். அவர் காட்டுக்காக வேலையையே பணயம் வைத்திருந்தார். என் வீங்கிய கால் ரோட்டுக்குச் சாட்சியாகிவிட்டது.

"ரோடு இல்லாததால விழலைங்க. ஷூவால விழுந்தேன்" என்றேன். "அந்தக் காட்டுக்குள்ள ரோடு வேண்டாங்க."

முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நடக்கவே தெரியாதவன் வேண்டாங்கிறான்னா, ஏதோ இருக்கு" என்று முணுமுணுத்தார். ரோடு தோட்டத்துக்குள் காப்பி காயப்போடும் களத்தோடு நின்றது. கால்நடையின் வேலையும் நிலைத்தது.

அதன்பின் தினமும் காலையில் என் மேஜையருகே நின்று, "கால் எப்படி இருக்கு?" என்று கேட்பார். வீக்கம் பத்தே நாளில் வடிந்துவிட்டது. ஆனாலும் அவர் ஓய்வு பெறும்வரை, "இன்னும் கொஞ்சம் வலி இருக்குண்ணே" என்றே சொல்லிவந்தேன். மறுநாளும் வந்து கேட்பார் இல்லையா.