மாஸ்டர் ஆவி பிடித்த கதை

பேய்க்குத் தெரிந்தாலும் பரவாயில்லை, பெண்டாட்டிக்குத் தெரியக் கூடாது. காலையில் பல் தேய்த்துக்கொண்டே, கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்து டிரைவிங் மாஸ்டர் எடுத்த முடிவு இது. எடுத்த கையோடு பிரஷ்ஷை வைத்துவிட்டு மறுபடியும் கழிப்பறைக்குப் போனார். எழுந்ததிலிருந்து அது நான்காவது தடவை.

விஷயம் வேறொன்றுமில்லை. மாஸ்டருக்கு ஐம்பத்தொன்பது வயது. அந்த வயதில் பல ஆண்களுக்கு வருகிற புராஸ்டேட் வீக்கம் அவருக்கும் வந்திருந்தது. சிறுநீர் வருகிறது என்று தோன்றினால் வீடு தீப்பிடித்த மாதிரி ஓட வேண்டும். ஓடிப்போய் நின்றால், கையெழுத்துக்காக அதிகாரி மேஜை முன் நிற்கிற மாதிரி நின்றுகொண்டே இருக்க வேண்டும்.

இரண்டு வருடத்துக்கு முன்பே மனைவி பேச்சை எடுத்தாள்.

“ஒரு டாக்டரைப் பாத்துடலாமே.”

“என் உடம்பு எனக்குத் தெரியாதா? தண்ணி நிறைய குடிக்கிறேன். நிறைய போகுது.”

“குடிக்கிறது ஒரு சொம்பு. போறது ஒன்பது தடவை.”

“எங்க வம்சத்துல இதுக்கெல்லாம் ஒருத்தரும் ஆஸ்பத்திரி வாசலை மிதிச்சதில்ல.”

“சரிங்க. இனிமே நான் இதைப் பத்தி வாயத் திறக்க மாட்டேன்.”

சொன்னபடியே திறக்கவில்லை. மாஸ்டரின் குறட்டை உட்பட எல்லாவற்றையும் பேசுகிறவள், முப்பது வருட இல்லறத்தில் வாயைத் திறக்காமல் விட்ட ஒரே சங்கதி இதுதான். மாஸ்டர் அப்போதே பயந்திருக்க வேண்டும். அவரோ ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டார்.

ஜெயித்தவர் எப்படித் திரும்பிப் போய் டாக்டரைப் பார்ப்பது? பார்த்தால், “நான் அப்பவே சொன்னேன்ல” என்று ஒரு வரி வரும். ஒரு தடவை வந்தால் ஆயுசுக்கும் வரும். உப்பு குறைந்தால் வரும், மழை பெய்தால் வரும், சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் நாலு பேர் முன்னால் வரும். அந்த ஒரு வரியைத் தடுப்பதற்காக மாஸ்டர் இரண்டு வருடம் கால்களைப் பின்னிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அடி வாங்கியது தொழில். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர் பாதி வகுப்பில் இறங்கி ஓடினால் நன்றாகவா இருக்கும்? ஆகவே பாடத்தையே மாற்றி அமைத்தார். முதல் பாடம் வீட்டிலிருந்து பெட்ரோல் பங்க் வரை. இரண்டாவது, பங்க்கிலிருந்து ரயில் நிலையம். மூன்றாவது, நூலகத்தின் பின்வாசல். கழிப்பறை இல்லாத சாலை எதுவும் பாடத்திட்டத்தில் கிடையாது. அவரிடம் படித்தவர்கள் எத்தனை குறுகலான சந்திலும் ஒரே திருப்பில் வண்டியை நிறுத்துவார்கள். ஐந்தாவது கியர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டால் மட்டும் விழிப்பார்கள்.

லைசென்ஸ் கொடுக்கிற இன்ஸ்பெக்டர் ஒருநாள் கேட்டேவிட்டார். “உங்க ஆளுங்க நல்லாத்தான் ஓட்டுறாங்க மாஸ்டர். ஆனா பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எதுக்கு வண்டிய ஓரங்கட்டிட்டு என் மூஞ்சியப் பாக்குறாங்க?”

“அது பாதுகாப்பு, சார்” என்றார் மாஸ்டர்.

இப்படி இருக்கும்போதுதான் தபாலாபீஸ் அம்மா வந்து சேர்ந்தார். தபால் நிலையத்தில் குமாஸ்தா. நாற்பத்தைந்து வயது. கிளட்ச்சை மிதிக்கச் சொன்னால் வைப்பரைப் போடுகிற ரகம். இரண்டாவது வகுப்பிலேயே வீட்டுக் கதை ஆரம்பித்துவிட்டது.

“எங்க வீட்டுக்காரர் இப்ப ராஜா மாதிரி இருக்கார், மாஸ்டர். முன்னல்லாம் சினிமாக்குப் போனா கதவுப் பக்கம் சீட்டுதான். பாதிப் படம் வெளியில.”

மாஸ்டரின் காது நிமிர்ந்தது. “இப்ப?”

“முழுப் படமும் பாக்குறார். நடுவுல நான்தான் தூங்கிடுறேன்.”

“கத்தி வெச்சாங்களா?”

“கத்தியெல்லாம் இல்ல. ஆவி.”

“ஆவியா?”

“நீராவி, மாஸ்டர். குக்கர்ல வருதே, அது. சிறுநீர் போற வழியிலயே மெல்லிசா ஒரு குழாயை விட்டு, வீங்கின இடத்துல கொஞ்சம் ஆவி விடுறாங்க. தடவைக்கு ஒன்பது வினாடி. அப்புறம் அது கொஞ்சம் கொஞ்சமாச் சுருங்கிடுது. காலைல போனா சாயங்காலம் வீடு. பக்கத்து வீட்டுக்காரங்களுக்கே தெரியாது.”

பக்கத்து வீட்டைப் பற்றி மாஸ்டருக்கு என்ன கவலை? சொந்த வீட்டுக்கே தெரியாமல் முடித்துவிடலாமே. மறுநாள் காலையில்தான் அந்தக் கண்ணாடி முடிவு பிறந்தது.

டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். இந்த அளவு வீக்கத்துக்கு ஆவி சரியாக வரும் என்றார்.

“அஞ்சு நாள் ஒரு டியூப் இருக்கும். சிறுநீர் அதுவா ஒரு பையில இறங்கிடும். பையைக் கால்ல கட்டிக்கலாம். முழுப் பலன் தெரிய சில வாரம் ஆகும். வெறும் வயித்தோட வாங்க, கூட ஒரு ஆள் வரணும். திரும்பிப் போறப்ப நீங்க வண்டி ஓட்டக் கூடாது.”

“நான் டிரைவிங் மாஸ்டர், டாக்டர்.”

“அதனாலதான் தனியாச் சொல்றேன்.”

கூட யாரைக் கூட்டிப்போவது? தம்பியிடம் சொன்னால் தம்பி பெண்டாட்டிக்குத் தெரியும். அவளுக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரியும். கடைசியில் தபாலாபீஸ் அம்மாவிடமே கேட்டார். “வர்றேன் மாஸ்டர்” என்று அவர் உடனே ஒத்துக்கொண்டதில் மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது.

பாக்கி இருந்தது வீடு. மனைவி வீட்டு முன்னறையில் பெண்களுக்குத் துணி தைக்கிற கடை வைத்திருந்தாள். வாயில் நாலு குண்டூசியோடு மெஷினில் உட்கார்ந்திருந்த நேரமாகப் பார்த்து மாஸ்டர் ஆரம்பித்தார். குண்டூசி இருந்தால் எதிர்க்கேள்வி குறையும் என்று கணக்கு.

“வெள்ளிக்கிழமை ஹைவே பயிற்சி. வர சாயங்காலம் ஆகும்.”

அவள் ஒவ்வொன்றாகக் குண்டூசியை எடுத்தாள்.

“ஹைவேயா? அப்ப காலைல ஒண்ணும் சாப்பிடாமப் போங்க. வெயில்ல வாந்தி வரும்.”

வெறும் வயிற்றுக்கு என்ன பொய் சொல்வது என்று மூன்று நாளாக மண்டையைக் குடைந்துகொண்டிருந்த மாஸ்டருக்கு, சாமியே இறங்கி வந்து பேசிய மாதிரி இருந்தது.

“நீ சொன்னா சரி” என்றார் பெருந்தன்மையாக.

வெள்ளிக்கிழமை. ஆஸ்பத்திரிப் படிவத்தில் துணைக்கு வந்தவர் என்ன உறவு என்று ஒரு கட்டம் இருந்தது. தபாலாபீஸ் அம்மா பேனாவைத் தூக்கிக்கொண்டு யோசித்தார்.

“மாணவின்னு எழுதுங்க” என்றார் மாஸ்டர்.

நர்ஸ் படித்துவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “என்ன படிக்கிறீங்கம்மா?”

“ரிவர்ஸ்” என்றார் தபாலாபீஸ் அம்மா.

லேசான மயக்கம் கொடுத்தார்கள். ஏழு தடவை ஆவி. மாஸ்டர் உள்ளே போன பதினைந்தாவது நிமிடம் வெளியே இருந்தார். இரண்டு வருடம் பயந்ததற்கு ஒரு மணி நேரமாவது நீடித்திருக்கலாமே என்று அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. எரிச்சல் இருந்தது. டியூப் உறுத்தியது. பை இடது முழங்காலுக்குக் கீழே வெதுவெதுப்பாகத் தொங்கியது. ஆனாலும் மனம் உறுதியாக இருந்தது. காலில் சுளுக்கு என்று சொல்லிவிட்டு அஞ்சு நாள் கூடத்துச் சோபாவிலேயே படுத்துக்கொள்வது, லுங்கியைத் தவிர எதையும் கட்டுவதில்லை, சாகும்வரை ஒத்துக்கொள்வதில்லை.

திரும்பும்போது தபாலாபீஸ் அம்மா ஓட்டினார். மாஸ்டர் தன் பக்கத்து பிரேக்கின் மேல் காலைத் தயாராக வைத்திருந்தார். மிதிக்க வேண்டிய அவசியமே வரவில்லை. லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் வெண்ணெயில் கத்தி மாதிரி வண்டி போனது. ஐந்தாவது கியர் கூட விழுந்தது.

“பதினோரு வகுப்புல இப்படி ஓட்டினவங்க யாருமே இல்லம்மா.”

“எல்லாம் நீங்க சொல்லிக் குடுத்ததுதான், மாஸ்டர்.”

மாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார். தன் கற்பித்தல் திறமை தனக்கே இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே என்று வருந்தினார்.

வாசலில் மனைவி நின்றிருந்தாள். மாஸ்டர் இறங்கி, காலை அகட்டி அகட்டி நான்கு அடி வைத்தார்.

“கால்ல சுளுக்கு” என்றார், யாரும் கேட்பதற்கு முன்பே.

“எந்தக் கால்?”

“இடது.”

“அப்ப பை இடது பக்கம்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனவள், தொளதொளவென்று ஒரு பைஜாமாவோடு வந்தாள். இரண்டு காலிலும் முழங்காலுக்குக் கீழே, உள்பக்கமாக, மூடி வைத்த நீளப் பாக்கெட் தைத்திருந்தது. “எந்தக் கால்ல கட்டுவாங்கன்னு தெரியல. ரெண்டுலயும் வெச்சுட்டேன். போன வாரமே ரெடி.”

மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். தபாலாபீஸ் அம்மா மருந்துச் சீட்டை மனைவியிடம் நீட்டிக்கொண்டிருந்தார்.

“அக்கா, இந்த மாத்திரை சாப்பாட்டுக்கு அப்புறம். தண்ணி நிறைய குடிக்கச் சொன்னாங்க.”

“நீங்க... இவளுக்கு...”

“என் துணியெல்லாம் அக்காதான் தைக்கிறாங்க, மாஸ்டர். தப்பா நினைச்சுக்காதீங்க. எனக்குப் பதினஞ்சு வருஷமா லைசென்ஸ் இருக்கு. தெரியாத மாதிரி ஓட்டத்தான் ரொம்பக் கஷ்டப்பட்டேன்.”

அவர் போன பிறகு மாஸ்டர் சோபாவில் பக்குவமாகச் சாய்ந்தார். இனி தப்பிக்க வழியில்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

“சரி. சொல்லிடு.”

“என்னத்த?”

“அதான். அப்பவே சொன்னேன்ல, அது.”

“நான் எங்கங்க சொன்னேன்? ரெண்டு வருஷமா இதைப் பத்தி வாயே திறக்கலையே.” முதுகுக்கு ஒரு தலையணையை வைத்தாள். “வீட்ல நான் சொன்னா உங்க காதுல ஏறாது. வண்டில பக்கத்துல உக்காந்து யாராவது சொன்னா ஏறுது. அதான்.”

அவள் குரலில் கேலியே இல்லை. வகுப்பில் ஒரே ஒரு தடவை, ஆஸ்பத்திரிப் பேச்சு வந்தபோது மாஸ்டர் காரணமே இல்லாமல் தன் பக்கத்து பிரேக்கை மிதித்துவிட்டாராம். அதைக்கூட தபாலாபீஸ் அம்மா வந்து சொல்லியிருக்கிறார். அன்று கவலையில் இரண்டு துணியை மாற்றித் தைத்துவிட்டதாக மனைவி சொன்னாள். மாஸ்டர் அவள் கொடுத்த தண்ணீரை முழுதாகக் குடித்தார்.

குடித்து முடித்ததும் ரோஷம் மெதுவாகத் திரும்பி வந்தது. சரி, போகட்டும், ஒரு தடவை ஏமாந்தாயிற்று. இனிமேல் வண்டியில் எவர் எந்த வீட்டுக் கதையைச் சொன்னாலும் காதில் பஞ்சு வைத்துக்கொள்வது என்று தீர்மானம் செய்தார். இது முந்தைய முடிவைவிட உறுதியானது.

“அடுத்த மாசம் வகுப்பு ஆரம்பிக்கறப்ப புதுசா ஒருத்தங்க சேர்றாங்க” என்றாள் மனைவி, டம்ளரை வாங்கிக்கொண்டே. “பாவம், அவங்க வீட்டுக்காரரும் பயங்கரமாக் குறட்டை விடுவாராம்.”