பேசும் பெட்டியும் மந்தியின் சுண்டலும்

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னது என் இரண்டாவது மகள் கோமதி. போன சரஸ்வதி பூஜையன்று, சுண்டலுக்கு நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது சொன்னாள்.

ஒரு காட்டில் செண்பகம் என்றொரு மந்தி இருந்தது. கண்ணி எது, கொடி எது என்று மிருகங்களுக்குப் பயிற்சி கொடுப்பது அதன் உத்தியோகம். அதற்குக் கூலியாகச் சிங்கராஜா தினமும் பலாச்சுளை அளந்தார். பிள்ளைகுட்டிகள் வயிறு அதில்தான் நிறைந்தது.

ஒருநாள் சிங்கராஜா பட்டணத்திலிருந்து பேசும் பெட்டி ஒன்றை வரவழைத்தார். கூடவே ஆலோசகர் நரியும் வந்தது.

"இனிமேல் பாடம் எடுக்கப்போவது செயற்கை நுண்ணறிவு. அதற்கு உங்களைத் தயார்படுத்தத்தான் வந்திருக்கிறேன்" என்றது நரி.

"தயாரானா என் வேலை நிலைக்குமாங்க?"

"மாற்றத்தைத் தழுவுங்கள்!"

செண்பகத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. நரி அந்தப் பக்கம் போனதும் பெட்டியிடமே கேட்டது. "அருமையான கேள்வி! மாற்றத்தைத் தழுவுங்கள்" என்றது பெட்டி. கடவுளே என்று அதையே ஜபம் மாதிரி மனப்பாடம் செய்துகொண்டது செண்பகம்.

பயிற்சி நாள் வந்தது. பெட்டி கணீரென்று பாடம் நடத்தியது. கேட்க வந்ததோ ஒரே ஒரு முயல். அதுவும் வாசலிலேயே நின்றுவிட்டது.

"அக்கா, பாடத்துக்கு எப்பவும் குடுக்கிற சுண்டல் எங்கே?"

"பெட்டி சாப்பிடாதில்ல, அதனால நரியார் நிறுத்திட்டாருப்பா."

"பெட்டி சாப்பிடலேன்னா நானும் பட்டினியா? நல்லாருக்கே நியாயம்!" முயல் போயே போய்விட்டது.

அந்த நேரம் பார்த்துச் சிங்கராஜா மேற்பார்வைக்கு வருகிறார் என்று தகவல். கூட்டமில்லாத பயிற்சிக்கு யார் பலாச்சுளை தருவார்? நல்லவேளை, பழக்கதோஷத்தில் செண்பகம் கொண்டைக்கடலையை முதல்நாளே ஊறப்போட்டு, காலையில் வேகவும் வைத்திருந்தது. ஓடிப்போய்க் கடுகு, பெருங்காயம் தாளித்துக் கொட்டி, சட்டியைக் கொண்டுவந்து பெட்டிக்குப் பின்னால் வைத்தது.

வாசனை போன இடத்திலிருந்தெல்லாம் மிருகங்கள் வந்தன; கோபித்துக்கொண்டு போன முயலும் திரும்பி வந்தது. யானை உட்கார இடமில்லாமல் நின்றது. சுண்டலை வாய் மெல்ல மெல்ல எல்லாத் தலையும் ஆடியது.

சிங்கராஜா அசந்துபோனார். "பெட்டி பேசுவதற்கு இத்தனை தலை ஆடுகிறதே! என்ன செய்தாய், செண்பகம்?"

பயத்தில் அதற்கு வாயில் வந்தது ஒன்றுதான். "மாற்றத்தைத் தழுவினேன், மகாராஜா."

அன்றே அது செயற்கை நுண்ணறிவுப் பயிற்சித் தலைவி ஆனது. பலாச்சுளையும் இரட்டிப்பானது. நரி சுண்டல் பக்குவத்தைக் கேட்டு எழுதிக்கொண்டு பக்கத்துக் காட்டுக்கு ஆலோசனை சொல்லக் கிளம்பிவிட்டது.

மறுநாள் அந்த முயல் கண்ணியில் கால் மாட்டிக்கொண்டு கத்தியது. செண்பகம்தான் ஓடிப்போய்க் கயிற்றைக் கடித்து விடுவித்தது.

"ஏம்ப்பா, நேத்து இந்தப் பாடம்தானே நடந்தது! கேட்டியா இல்லையா?"

"கேட்டேனே அக்கா. உப்புதான் கொஞ்சம் தூக்கல்."

நீதி: பாடம் நடத்துவது பெட்டியாக இருந்தாலும் மந்தியாக இருந்தாலும் கூட்டம் வருவது சுண்டலுக்கே. ஆகவே கடலை ஊறப்போடத் தெரிந்தவருக்கு வேலை போகாது.

கோமதிக்கும் இதே பயிற்சி உத்தியோகம்தான். அவள் ஆபீசிலும் பெட்டி வந்திருக்கிறதாம். கோயில் பக்கம் போனால் அவள் பேருக்கும் ஒரு விளக்கு ஏற்றிவிடுங்கள்.