சுண்ணாம்புத் தண்ணீர் குடித்த சோடா

யாராவது சோடாப் போத்தல் திறந்தால் நான் இன்றைக்கும் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொள்வேன். பயத்தால் அல்ல, வெட்கத்தால்.

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு, மானிப்பாயில் ஒரு சோடாக் கொம்பனியில் மெசின் சுற்றினவன் நான். தொண்ணூறுக்குப் பிறகு சண்டையால் பாதை பூட்டின காலத்தில் காஸ் சிலிண்டர் வருவது நின்றது. கொம்பனியும் படுத்துவிட்டது. (சோடா என்பது வேறொன்றுமில்லை. தண்ணீருக்குள் அந்தக் காஸை அமத்தி அடைப்பதுதான். தண்ணீர் எங்கள் கிணற்றில் தாராளம்.)

அந்த நேரம் பார்த்து என் தங்கச்சி யோகத்துக்கு அச்சுவேலியிலிருந்து ஒரு சம்பந்தம் பொருந்தி வந்தது. மாப்பிள்ளையின் தகப்பன் பழுத்த சைவம். கள்ளுக் குடிக்கிறவன் வீட்டில் பச்சைத் தண்ணீரும் தொடமாட்டார். அவர்கள் பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் நான் சும்மா இருந்திருக்கலாம். "சீனியில்லாத தேத்தண்ணி என்னத்துக்கு, எங்கடை வீட்டிலை சோடாவே தருவம்" என்று தரகரிடம் சொல்லிவிட்டேன். ஊரில் சோடாவைக் கண்ணால் கண்டு ஒரு வருடமாகியிருந்தது.

காஸுக்கு எங்கே போவது என்று யோசித்துக்கொண்டு சைக்கிள் மிதித்தபோது, கள்ளு விற்கிற தவறணை வாசலில் பீப்பா நுரை தள்ளிக்கொண்டு நின்றது. கள்ளுக் குமிழியும் சோடாக் குமிழியும் ஒரே காஸ்தான் என்று முதலாளி ஒருநாள் சொன்னது ஞாபகம் வந்தது. அவ்வளவும் வீணாகக் காற்றோடு போகிறது. அதைப் பிடித்து அடைத்தால் கொம்பனியும் எழும்பும், தங்கச்சியின் காரியமும் நடக்கும்.

நெற்றி நிறையத் திருநீற்றோடு, உழவு மெசின் சில்லின் பழைய ரியூப் ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு உள்ளே போனேன்.

"என்ன அண்ணை, உதுக்குள்ளையோ கொண்டுபோகப் போறியள்? ஒரு போத்தல் காணாதோ?" என்றான் தவறணைக்காரத் தம்பு.

"எனக்குக் கள்ளு வேண்டாம். அதின்ரை காத்துத்தான் வேணும்."

தம்பு என்னை மேலும் கீழும் பார்த்தான். "மணத்துக்கே வெறிக்கிற ஆளோ நீங்கள்?"

பீப்பா வாயைக் களிமண்ணால் பூசி, சேலைன் குழாயைச் செருகி, இரண்டு நாள் விட்டோம். ரியூப் நன்றாக ஊதியது. வீட்டுக்குக் கொண்டுவந்து மூக்கை வைத்தேன். கள்ளேதான்.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. பனையில் கட்டுகிற முட்டிக்குள் சுண்ணாம்பு பூசினால் கள்ளு புளிக்காது, வெறிக்காத இனிப்புக் கருப்பநீராகிவிடும். கருப்பநீரைச் சைவக்காரரும் குடிப்பார்கள். அப்படியென்றால் காஸையும் சுண்ணாம்புத் தண்ணீருக்குள்ளால் விட்டால் அதுவும் சைவமாகிவிடாதா? ஒரு பெரிய பானை நிறையச் சுண்ணாம்பைக் கரைத்துத் தெளிய வைத்தேன்.

யோகம் உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்தவள். குசினி வாசலில் நின்று, "அண்ணை, அது சுண்ணாம்புத் தண்ணியோ? ஒருக்கால் நில்லுங்கோ…" என்று தொடங்கினாள்.

"நீ போய்த் தலையை வாரி இழு" என்று அனுப்பிவிட்டேன்.

காஸை வெளியே தள்ள மனைவியை ரியூபின் மேல் ஏற்றி இருத்தினேன். ("ஊர் பாத்தால் என்ன நினைக்கும்" என்று முணுமுணுத்தபடிதான் இருந்தாள்.) காஸ் குமிழியிட்டுப் போகப் போக, சுண்ணாம்புத் தண்ணீர் பாலாய் வெளுத்தது. கள்ளின் பாவம் கழிகிறது என்று பிள்ளையாரைக் கும்பிட்டேன். மறுபக்கத்தால் வந்ததைச் சைக்கிள் பம்பால் கிணற்றுத் தண்ணீர் நிரப்பின போத்தல்களுக்குள் அடித்து, தக்கை வைத்துக் கம்பியால் கட்டினேன்.

அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளை யோகத்திடம் எங்கே படித்தவள் என்று கேட்டார். அவள் பதில் சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் கண்டதில்லை.

நான் போத்தலைத் திறந்தேன். பேருக்கு ஒரு புஸ். கிளாஸில் ஒரு குமிழிகூட இல்லை. மணம் மட்டும் கூடம் முழுக்கப் பரவியது.

தகப்பன் வாயருகே கொண்டுபோன கிளாஸை நிறுத்தினார். "தம்பி, உது என்ன?"

"சோடா, ஐயா."

"எங்கை எடுத்தனீர்?"

பொய் சொன்னால் பிள்ளையார் கேட்பார். "தவறணையிலை" என்றேன்.

அவர் கிளாஸை மெதுவாக வைத்துவிட்டுச் சால்வையை எடுத்தார். "பிள்ளை நல்ல பிள்ளை. வீடு சரியில்லை" என்று வாசல் படலையடியில் அவர் தரகரிடம் சொன்னது எங்களுக்கும் கேட்டது. மாப்பிள்ளை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

யோகம் கிளாஸ்களைக் கழுவிக்கொண்டு சொன்னாள்: "சோடாக் காஸ் எண்டது காபனீரொட்சைட்டு, அண்ணை. சுண்ணாம்புத் தண்ணி அதைக் குடிச்சுப்போடும். அதுதான் பாலாய் வந்தது. மணத்தை மட்டும் உங்களுக்கு விட்டது."

"முதலே சொல்லியிருக்கலாமே."

"சொல்ல விட்டனீங்களோ?" என்றவள், கொஞ்சம் பொறுத்து, "மாப்பிள்ளையைப் பிடிச்சுதோ எண்டும் நீங்கள் கேக்கேல்லை" என்றாள்.

அப்போது கேட்டேன். அவள் கழுவின கிளாஸையே திரும்பவும் கழுவினாள்.

பிறகு வந்த சம்பந்தம் ஒன்றுக்கும் அவள் ஓம் சொல்லவில்லை. விஞ்ஞான ரீச்சராகிவிட்டாள். சுண்ணாம்பு நீர்ப் பாடம் வரும்போதெல்லாம், பெயரை விட்டுவிட்டு, என் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுகிறாளாம்.

வீட்டில் நான் ஒரு ஆணி அடிக்கப் போனாலும் மனைவி கேட்பாள்: "யோகத்திட்டைக் கேட்டனீங்களோ?" எல்லாரும் சிரிப்பார்கள். யோகமும் சிரிப்பாள். ஆனால் அன்றைக்குச் சிரித்த சிரிப்பு அதுவல்ல.